அன்னக் கரையின் பதினான்கு அட்டைகள்

நெசவாளர் சங்கத்தின் டிசைன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு, அதே அறையில் முப்பது வருஷம் அட்டை அடித்த சவரிமுத்து எழுதுகிறேன். ஆண்டவர் உங்கள் கைகளை ஆசீர்வதிக்கட்டும். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் என் தாளிலேயே திருத்தாமல் நகல் எடுத்துத் திருத்துங்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காகச் சங்கத்துக்கு வந்திருந்தேன். டிசைனுக்குப் புரோகிராம் எழுதுகிற கவிதா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது.

"என்ன சாமி, காலங்காத்தால இப்படி உக்காந்திருக்கே?" என்றேன்.

"ஒரு கரைய மூணு சேலைக்கு வெச்சேனுங்க ஐயா. ஒரு சேலையில மட்டும் பூவ மாத்துனேன். மூணுலயும் மாறிப்போச்சு."

"மூணு கரை வெச்சா மூணுதானே இருக்கணும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். உள்ளே பாத்தா இருக்கறது ஒண்ணேதானுங்க. மூணு சேலையும் அந்த ஒண்ணத்தான் கை காட்டிட்டு நிக்குது."

பிறகு அது எனக்குப் பொறுமையாக விளக்கியது. கம்ப்யூட்டர் மொழிகளில் சிலவற்றில், ஒன்றை இன்னொரு பெயரில் கொடுத்தால் நகல் போகுமாம். இதை மாற்றினால் அது மாறாது. சிலவற்றில் பொருளே போகுமாம். யார் தொட்டாலும் எல்லோருக்கும் மாறும். இன்னும் சில மொழிகளில் ஒருமுறை செய்ததைத் தொடவே விடமாட்டார்களாம். மாற்றம் வேண்டுமென்றால் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். எது சரி என்று மொழியை உண்டாக்குகிறவர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லையாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சண்டையை நானும் என்னோடு அட்டை அடித்த அமீரும் ஐம்பதுகளின் கடைசியில், இதே அறையில், ஒரு மேசை இடைவெளியில் உட்கார்ந்து போட்டிருக்கிறோம். எங்களிடம் இருந்தது அட்டை மட்டும்தான். சண்டை என்றுகூடச் சொல்லக்கூடாது. அமீருக்குச் சண்டை நடப்பதே தெரியாது. எல்லாம் என் வயிற்றுக்குள் நடந்தது.

அட்டை என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். டிசைன்காரர் கட்டம் போட்ட தாளில் கரையை வரைந்து தருவார். அதைப் பார்த்து நாங்கள் நீளமான அட்டைகளில் ஓட்டை அடிப்போம். ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போவதற்கு ஓர் அட்டை. ஓட்டை இருந்தால் நீளவாட்டில் ஓடும் அந்தப் பாவு இழை மேலே எழும், இல்லாவிட்டால் கீழே கிடக்கும். அட்டைகளை நூலால் சரமாகக் கோர்த்துத் தறிக்கு மேலே உள்ள பெட்டியில் மாட்டிவிட்டால், நெசவாளர் மிதிக்க மிதிக்க அன்னமோ மாங்காயோ தானாக விழும்.

அட்டை அப்போது சுலபமாகக் கிடைக்காது. அதனால் ஒரு கரைக்கு ஒரு சரம்தான். ஒரு நெசவாளர் முடித்துத் திருப்பித் தந்தால் அடுத்தவர் வாங்கிப் போவார். சரத்தின் தலையில் ஒரு துண்டு அட்டை தொங்கும். அதில் கரையின் பெயரும் அடித்தவர் பெயரும் இருக்கும்.

ஒரு கரையில் சின்ன மாற்றம் கேட்டால் என் வழி ஒன்று, அமீர் வழி ஒன்று. நான் இருக்கிற அட்டையிலேயே வேண்டாத ஓட்டையின் மேல் காகிதம் ஒட்டுவேன், வேண்டிய இடத்தில் புதிதாக அடிப்பேன். அரை நாளில் முடிந்துவிடும். அமீர் பழைய அட்டையைத் தொடமாட்டார். மாறுகிற அட்டைகளை மட்டும் புதிதாக அடித்து, பழையதைக் கழற்றிக் கட்டிப் பெயர் எழுதி ஆணியில் மாட்டுவார். இரண்டு நாள், மூன்று நாள் ஆகும்.

வேகம் என் பக்கம். சங்கத்தில் சேர்ந்ததும் நான்தான் முதல். அப்படியிருந்தும் நெசவாளர்கள் அமீரைத்தான் தேடினார்கள். ஒருமுறை அம்மாப்பேட்டையில் பெருமாள் என்ற நெசவாளர் வீட்டுக்கு நானே சரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி ராஜம்மாவும் தறியில் உட்காருகிறவர். அவர் சரத்தை வாங்கிப் பார்த்து, "ஏனுங்க, இது அமீரு அடிச்சதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நான் அடிச்சது."

"செரி, பரவால்லீங்க."

அந்தப் 'பரவால்ல' எனக்கு ஒரு வாரம் சோற்றில் கல்லாகக் கிடந்தது. செபமாலை உருட்டும்போது விரல் மணியில் இருக்கும், மனசு அமீர் மேசையில் இருக்கும். அவர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதைக் கண்டால் எரியும். அவர் வீட்டு விசேஷத்துக்கு நெசவாளர்கள் குடும்பத்தோடு போனது தெரிந்தால் எரியும். அவர் என்னை "சவரியண்ணே" என்று கூப்பிடுவார். அதில் குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதும் எரிந்தது.

அன்னக் கரை அமீர் அடித்தது. தொண்ணூற்றாறு அட்டை. வெறும் அலகோடு நிற்கும் அன்னம். பெருமாள் தறியில் ஒரு கல்யாணச் சேலைக்கு அந்தச் சரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சேலை நெய்தபோது அவருக்கு விஷக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். ராஜம்மா அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்ததால் தறி நின்றது; சரத்தைக் கழற்றிச் சங்கத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். வேறு யாருக்காவது உதவட்டும் என்று.

அந்தச் சமயத்தில் குகை என்ற பகுதியிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் அன்னத்தின் அலகில் ஒரு பூ வேண்டும் என்று கேட்கிறாராம். அமீர் தங்கை நிக்காஹுக்காகச் சில வார லீவில் தம்மம்பட்டிக்குப் போயிருந்தார். செயலாளர், "அமீர் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

அந்த மூன்று வார்த்தை போதுமாக இருந்தது.

"அவரு எதுக்குங்க? மத்தியானத்துக்குள்ள நான் தாரேன்" என்றேன்.

பெருமாள் நினைவே வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. காய்ச்சல்காரர் எழுந்து வர நாளாகும், அதற்குள் பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். அலகு வரும் பதினான்கு அட்டைகளில் காகிதம் ஒட்டினேன், ஓட்டை அடித்தேன். பழைய அலகு மனப்பாடமாக இருக்கிறது என்ற தைரியத்தில் கட்டத் தாளிலும் அதை ரப்பரால் அழித்துவிட்டுப் பூவோடு வரைந்தேன். தலையில் தொங்கிய துண்டில் ஒன்றும் எழுதவில்லை. "அன்னம், அமீர்" என்று அவர் கையெழுத்து அப்படியே இருந்தது. பூ வைத்த அன்னம் நன்றாகத்தான் விழுந்தது. குகைக்காரர், "அமீரு அன்னத்தவிட இது அழகுங்க" என்றார். அன்றைக்குச் சாப்பாடு இனித்தது.

சரம் திரும்பி வந்தது. பழையபடி ஆக்க எனக்குக் கை போகவில்லை. அந்தப் பூ என்னுடையது. அதை நானே எப்படி அடைப்பது என்று நாளைத் தள்ளினேன். ஒருநாள் நான் நூல் கிடங்குக்குப் போயிருந்த நேரத்தில், எழுந்து நடமாட ஆரம்பித்த பெருமாள் ஆளை அனுப்பிச் சரத்தை வாங்கிப் போய்விட்டார். வந்து பார்த்தேன், ஆணி காலியாக இருந்தது. ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை ராஜம்மா சங்கத்துக்கு வந்தார். அமீர் ஊரிலிருந்து திரும்பி மேசையில் இருந்தார். அந்த அம்மா நேராக அவரிடம் போனார்.

"ஏனுங்க அமீரு, உங்க அன்னம் பாதிச் சேலை வரைக்கும் சும்மா நின்னுச்சு. அப்பறம் திடீர்னு ஒரு பூவக் கவ்விக்கிச்சே. எங்கூட்டுக்காரருக்குக் கண்ணு இன்னும் மங்கலா இருக்குது. ஒரு சாணு நெய்ஞ்ச பொறகு நான் பாத்தேன்."

செயலாளர் எழுந்து வந்தார். அந்தக் கல்யாணம் அடுத்த வாரம் சனிக்கிழமை. சேலை வெள்ளிக்கிழமை கடைக்குப் போயாக வேண்டும். "ஏற்கனவே ஒரு மாசம் தறி சும்மா கெடந்துது. இதுவும் கெட்டா அந்தத் தறிய வேற ஆளுக்குக் குடுக்கறதத் தவிர வழி இல்ல" என்றார். பிறகு அமீரிடம், "உங்க அட்டைன்னா கண்ண மூடிட்டு வாங்கறாங்க. இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார்.

ராஜம்மா கொண்டுவந்திருந்த ஓர் அட்டையை அமீர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. என் பக்கம் அவர் திரும்பவில்லை. "பாக்கறேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

ராஜம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிள்ளைகளே, அந்தப் பார்வைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன். கிடைத்தது. கொஞ்ச நேரம் இனிக்கவும் செய்தது. அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமைப்பட்டேன் சுவாமி என்று ஆரம்பித்து, அட்டை வரைக்கும் சொல்லி முடித்தேன்.

"பொறாமைக்கு மன்னிப்பு ஆண்டவர் கொடுப்பார்" என்றார் பங்குச் சாமியார். "அந்தச் சேலை இப்ப எங்கே இருக்குது?"

"தறியில சுவாமி."

"அப்ப இங்கே முழங்கால் போட்டு என்ன செய்யறே? உன் பரிகாரம் அங்கேதான் இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோட்டைப் பக்கம் அமீர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன், "வாங்கண்ணே. அட்டைதானே?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஒட்டுன காகிதம் கோயில் காலண்டரு. மாதா அங்கியோட நீலம் ஓரத்துல தெரியுது. எங்கூட்ல அந்தக் காலண்டரு இல்லீங்களே."

"அப்பறம் ஏன் அமீரு செயலாளர்கிட்டச் சொல்லல?"

"சொன்னா சேல சரியாயிருமா? சண்டைய அடுத்த வாரம் வெச்சுக்கலாம். சேல வெள்ளிக்கெழம. ஒட்டுனதப் பிரிச்சுட்டு, தாளப் பாத்துப் பதினாலு அட்டையத் திருப்பி அடிச்சாப் போச்சு."

"தாளையும் அழிச்சுட்டேன்."

அவர் கையிலிருந்த துணி நின்றது. அன்றைக்குத்தான் அவர் முகம் மாறி நான் பார்த்தேன்.

"தாளையுமா?"

அவர் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். அட்டையைப் பார்த்தும் பயனில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒட்டிய இடம் தெரியும், ஆனால் நான் புதிதாக அடித்தது எது, அவர் முதலில் அடித்தது எது என்று தெரியாது. ஓட்டைக்கு வயது கிடையாது. டிசைன்காரரும் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த வெறும் அலகு எந்தத் தாளிலும் எந்த அட்டையிலும், மனப்பாடம் என்று நான் நம்பிய என் தலையிலும் இல்லை.

திங்கள் காலையில் எல்லோர் முன்னாலும் செயலாளரிடம் சொன்னேன். "அமீர் மேல தப்பில்லீங்க. அட்டையில கை வெச்சது நான். பெருமாள் சேலை தறியில கெடக்குதுன்னு தெரிஞ்சேதான் வெச்சேன்."

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உன்ன இந்த மேசையில வெக்கறதா வேண்டாமான்னு வெள்ளிக்கெழம சொல்றேன். இப்பப் போ" என்றார்.

இருவரும் பெருமாள் வீட்டுக்குப் போனோம். பெருமாள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் என்னால்தான் என்று சொன்னபோது அவர் திட்டவில்லை. ராஜம்மா திட்டினார், நன்றாகவே திட்டினார். அதன்பின், "பழைய அன்னம் எங்கேயும் இல்லைங்கறீங்களே, இங்கே இருக்குதுங்களே" என்று தறியைக் காட்டினார்.

நெய்து சுருட்டியிருந்த பாதிச் சேலை. அதில் வரிசையாக வெறும் அலகு அன்னங்கள். அட்டையை நான் மாற்றலாம், தாளை அழிக்கலாம். நெய்து முடித்த துணி மாறாமல் அப்படியே இருந்தது. அமீர் என்னைப் பார்த்தார். இழை எண்ணும் கண்ணாடியை எடுத்தார்.

அலகு தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஊடைக்கும் எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று படித்தோம். ஒருவர் படிப்பதை மற்றவர் பார்க்காமல் தனித்தனித் தாளில் குறித்துக்கொள்வது என்று அமீர் சொன்னார். நான் மதியத்துக்குள் முடித்துவிட்டேன். அவர் வெயில் சாயும்வரை படித்தார். இரண்டு தாளையும் ராஜம்மா சேர்த்து வைத்துப் பார்த்தார். பதின்மூன்று வரி ஒத்துப்போனது. ஒன்பதாவதில் ஓர் இழை மாறியது. நான் மேலே என்றேன், அவர் கீழே என்று குறித்திருந்தார்.

"யாரு சொல்றது செரி?" என்று கட்டிலிலிருந்து பெருமாள் கேட்டார்.

எனக்குள்ளே என்ன ஓடியது தெரியுமா? அவர் சொன்னதே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தால் நல்லவன் பெயர் கிடைக்கும். தப்பாகப் போனால் அது அவர் தப்பு. அந்த எண்ணம் அங்கேயும் வந்தது. ஆனால் நான் பார்த்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும். "இன்னொரு அன்னத்துல பாப்போம்" என்றேன். நான்கு அன்னங்களில் பார்த்தோம். நான்கிலும் இழை மேலேதான்.

"அண்ணன் சொன்னதுதான் செரி" என்று அமீர் தன் தாளில் திருத்தப் போனார். பேனாவை வைத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து முதலிலிருந்து பதினான்கு வரியையும் எழுதினார். தோற்றவர் மாதிரி அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஜெயித்த நான்தான் அந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை புது அட்டையில் அமீர் ஏழு, நான் ஏழு அடித்தோம். ராஜம்மா அந்த ஒரு சாண் துணியை ஊடை ஊடையாகப் பிரித்தார். கரையின் ஜரிகை பாவில் ஓடுவதால் அது பிழைத்தது. பட்டு அங்கங்கே பிசிறு விட்டது. நாக்கில் விரலை நனைத்து ஒவ்வொரு பிசிறாகப் படிய வைத்தார். புதன்கிழமை மிதித்தார். வெறும் அலகு விழுந்தது. வியாழன் மாலை சேலை முடிந்தது. ராஜம்மா கண்ணை மூடிக்கொண்டு கரையின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். "எடம் தெரியலீங்க" என்றார். எனக்குத் தெரிந்தது. இப்போதும் அந்தச் சேலையைக் காட்டினால் இடத்தைச் சொல்வேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். காகிதம் ஒட்டுவது பாவமில்லை. அட்டை உங்கள் மேசையில், உங்கள் கையில் மட்டும் இருக்கும்வரை ஒட்டுங்கள், அடியுங்கள், அழியுங்கள். வேகம் வேண்டியதுதான். இன்னொருவர் தறிக்குப் போன பிறகு அது உங்களுடையது மட்டும் இல்லை. அதன்பின் மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக அடித்துப் புதுப் பெயர் எழுதுங்கள். முழுவதும் நகல் எடுத்தால் நாளாகுமே, அட்டை வீணாகுமே என்பீர்கள். தொண்ணூற்றாறையும் யார் அடிக்கச் சொன்னது? மாறுவது பதினான்கு என்றால் பதினான்கு அடித்தால் போதும். மீதி எண்பத்திரண்டை யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் இரண்டு அன்னத்துக்கும் அதுவே பொது. மொழியை உண்டாக்குகிறவர்கள் எவரையாவது கவிதாவுக்குத் தெரியுமென்றால், இதை ஓர் அட்டைக்காரன் சொன்னதாகச் சொல்லட்டும். அந்தக் காவலை மொழியே செய்யட்டும், ஆளின் நல்ல குணத்தை நம்பி விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லட்டும். என்னை மாதிரி ஆள் எல்லா அறையிலும் ஒருவன் இருப்பான்.

வெள்ளிக்கிழமை செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அமீரிடம்தான் கேட்டார்: "இவன மேசையில வெக்கலாமா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிழைப்பு அவர் வாயில் இருந்தது.

"அண்ணன் இல்லாட்டி ஒம்பதாவது அட்டை தப்பாப் போயிருக்குமுங்க" என்றார் அமீர். "அந்தப் பூவும் நல்லாத்தான் இருக்குது. அதுக்குத் தனியாப் பதினாலு அட்டை போடச் சொல்லுங்க."

போட்டேன். நான்கு நாள் எடுத்துக்கொண்டு போட்டேன். அவரே துண்டு அட்டையில் "பூ அன்னம், சவரி" என்று எழுதித் தன் கட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். கொஞ்ச நாளில் அவருடைய அன்னத்தைவிட என்னுடையதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். அவர் வருத்தப்படுகிறாரா என்று பல நாள் ஓரக்கண்ணால் பார்த்தேன். இல்லை. கேட்டு வருகிறவர்களிடம் அவரே எடுத்துக் கொடுத்தார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. இருபது வருஷம் அவர் பக்கத்து மேசையில் இருந்தேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பாவத்தைச் சொன்னேன். ஆனால் அந்த இருபது வருஷத்தில் அவர் அட்டை ஒன்றிலும் என் கை படவில்லை.